கோட் சூட் போட்ட சாத்தான்

கேள்வி: இலக்கிய நாவலைப் படித்துவிட்டு யாராவது ராக் பாட்டு எழுதியிருக்கிறார்களா?

பதில்: நிறையப் பேர். எனக்குப் பிடித்தது ரோலிங் ஸ்டோன்ஸ் 1968-இல் வெளியிட்ட ‘சிம்பதி ஃபார் தி டெவில்’. ரஷ்ய எழுத்தாளர் மிகயீல் புல்ககோவின் ‘மாஸ்டரும் மார்கரீட்டாவும்’ நாவலை அந்தக் குழுவின் பாடகர் மிக் ஜாகருக்குப் படிக்கக் கொடுத்தவர், அப்போது அவருடைய காதலியாக இருந்த பாடகி மரியான் ஃபெய்த்ஃபுல். ஸ்டாலின் காலத்தில் எழுதப்பட்ட நாவல் அது. 1940-இல் புல்ககோவ் இறந்தார். நாவல் 1966-இல்தான், அதுவும் தணிக்கையின் வெட்டுகளோடு, பத்திரிகையில் வரத் தொடங்கியது.

நாவலில் சாத்தான் கொம்பும் வாலுமாக வருவதில்லை. நன்றாக உடுத்திய, படித்த கனவானாக மாஸ்கோவில் வந்து இறங்குகிறான். ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து இயேசுவை விசாரித்ததை நேரில் பார்த்ததாகக் கதை சொல்கிறான். ஜாகர் எடுத்துக்கொண்டது இந்த மரியாதைக்கார சாத்தானைத்தான். பாட்டு முழுக்க அவனே தன்மையில் பேசுகிறான். பிலாத்துவில் தொடங்கி ரஷ்யப் புரட்சி, கென்னடி கொலைகள் வரை வந்துவிடுகிறான். (பதிவு நடந்துகொண்டிருந்தபோதே ராபர்ட் கென்னடியும் சுடப்பட்டதால், ஒருமையில் இருந்த பெயர் பன்மையானது.) பிரெஞ்சுக் கவிஞர் போதலேரின் பாதிப்பு உண்டு என்றும் ஜாகர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் புல்ககோவின் கை தெளிவாகவே தெரிகிறது.

மெதுவான நாட்டுப்புறப் பாட்டாகத் தொடங்கியது சம்பா தாளத்துக்கு மாறியதை, திரைப்பட இயக்குநர் கோதார் படமெடுத்த ஒலிப்பதிவுக் காட்சிகளில் பார்க்கலாம். நாவலையும் விட்டுவிடாதீர்கள். வோட்கா குடித்து, சதுரங்கம் ஆடி, துப்பாக்கி சுடும் பூனை ஒன்று அதில் இருக்கிறது. பாட்டில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.