செக்ரோலில் பேர் இல்லாத பக்கங்கள்

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு "பேர்" என்ற சொல்லின் கனம் தெரியும். காலையில் பெரட்டுக்குப் போய், மலையில் நாள் முழுக்க நின்று கொழுந்து பறித்தாலும், செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் அது ஒரு நாள். எடை குறைந்தால் அரைப்பேர். கூகுள், பிங் போன்ற தேடுபொறிகளும் இப்படியொரு பேரேட்டை வைத்திருக்கின்றன. உங்கள் இணையத்தளம் திறக்கும், படங்களும் எழுத்தும் வைத்த இடத்திலேயே இருக்கும். ஆனாலும் அந்தப் பேரேட்டில் பேர் இல்லையென்றால், தேடி வருகிறவருக்கு அப்படியொரு தளமே கிடையாது.

நல்லதண்ணியில் சிவனொளிபாதமலை யாத்திரிகர்களுக்கு அறை விடுகிறவர், நுவரெலியாவில் ஏப்ரல் பருவத்தை நம்பி வீட்டின் ஒரு பகுதியை விடுதியாக்கியவர், தோட்டப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கம், ஹட்டனில் இலக்கியக் கூட்டம் நடத்துகிறவர்கள் என எல்லாருக்கும் இந்தச் சிக்கல் வருகிறது. அவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. பக்கம் ஏன் காணாமல் போனது? இனி எங்கே வைத்தால் நிலைக்கும்?

முதலில் பார்க்க வேண்டியது

கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் "சைட்" என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை எழுதித் தேடுங்கள். பேரேட்டில் உள்ள பக்கங்கள் வரும். இது முழுக் கணக்கல்ல, ஒரு மதிப்பீடுதான். பக்கங்கள் இங்கே வந்து, வழக்கமான தேடலில் மட்டும் வரவில்லை என்றால், பேர் வெட்டப்படவில்லை; வரிசையில் பின்னுக்குப் போயிருக்கிறது. அதற்கான மருந்து வேறு.

அடுத்து அதே சோதனையைப் பிங்கிலும் செய்யுங்கள். இரண்டிலும் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் உங்கள் தளத்தில்தான். பிங்கில் இருந்தும் கூகுளில் மட்டும் இல்லையென்றால், கூகுள் அந்தப் பக்கத்தை எப்படி மதிப்பிட்டது என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் தளத்தைப் பதிந்து, அது உங்களுடையது என உறுதி செய்யுங்கள். எந்தப் பக்கம் பேரேட்டில் இல்லை, ஏன் இல்லை என்று காரணத்தோடு அங்கே பட்டியல் கிடைக்கும். இந்தப் பட்டியலைப் பார்க்காமல் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

பேர் வெட்டப்படும் காரணங்கள்

நாமே கதவடைத்திருப்பது. வேர்ட்பிரஸில் தளம் கட்டும்போது, வேலை முடியும் வரை தேடுபொறிகள் வர வேண்டாம் என்று ஒரு பெட்டியில் குறியிடுவார்கள். பிறகு அதை எடுக்க மறந்துவிடுவார்கள். வாசிப்பு அமைப்புகளுக்குள் இருக்கும் அந்தக் குறியை எடுத்தால் போதும். பிளாக்கரிலும் இதே மாதிரி ஓர் அமைப்பு உண்டு. இத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ரோபோட்ஸ் கோப்பு. அது தேடுபொறியைப் பக்கத்துக்குள் வரவிடாமல் தடுக்கும். ஆனால் பேரேட்டிலிருந்து பேரை எடுக்காது. பேரை எடுக்கச் சொல்வது "நோஇண்டெக்ஸ்" என்ற குறிப்பு. இரண்டையும் ஒன்றாகப் போட்டால், வாசலிலேயே தடுக்கப்பட்ட தேடுபொறி உள்ளே இருக்கும் குறிப்பைப் படிக்க முடியாது.

முகவரி மாறுவது. மலையகத் தளங்களில் இது அதிகம். யாத்திரைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை. சிலர் ஒவ்வோர் ஆண்டும் பழைய பக்கத்தை அழித்து, புது ஆண்டு போட்ட புதுப் பக்கம் வைக்கிறார்கள். பழைய முகவரி 404 என்று பதில் சொல்ல, தேடுபொறி அதைப் பேரேட்டிலிருந்து எடுத்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த மதிப்பும் அத்தோடு போகிறது. பக்கத்தின் முகவரி ஒன்றாகவே இருக்கட்டும். உள்ளே இருக்கும் விலையையும் திகதியையும் மட்டும் மாற்றுங்கள். முகவரியை மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழையதிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்புதலைப் போட்டு, குறைந்தது ஓராண்டாவது அதை விட்டுவையுங்கள்.

வழங்கி படுத்துவிடுவது. தேடுபொறி வரும் நேரத்தில் தளம் திறக்காமல் பிழை காட்டினால், அது மறுபடி வந்து பார்க்கும். நாட்கணக்கில் அப்படியே கிடந்தால் பக்கங்கள் உதிரத் தொடங்கும். பராமரிப்புக்காகச் சிறிது நேரம் மூடுவதென்றால் 503 என்ற பதிலை அனுப்பச் சொல்லுங்கள். "இப்போது மூடியிருக்கிறது, பிறகு வா" என்று அதற்குப் பொருள். பருவம் முடிந்ததும் தளத்தை முழுதாக மூடிவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

அரைப்பேர். "படித்தோம், இப்போதைக்குப் பேரேட்டில் சேர்க்கவில்லை" என்று சர்ச் கன்சோல் சொல்லும் பக்கங்கள் உண்டு. முன்பதிவுத் தளத்தில் போட்ட அதே ஆங்கில விவரிப்பை அப்படியே ஒட்டிய விடுதிப் பக்கமும், நான்கு வரியும் ஒரு படமுமாக நிற்கும் பக்கமும் இந்த வகை. ஒரே எழுத்து இரண்டு இடங்களில் இருந்தால் தேடுபொறி ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் பெரிய தளத்தினுடையதாக இருக்கும். உங்களுக்கு மட்டும் தெரிந்ததை எழுதுங்கள். ஹட்டன் புகையிரத நிலையத்திலிருந்து எப்படி வருவது, இரவு எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கினால் விடியலை உச்சியில் பார்க்கலாம், எந்த இடத்துக்கு மேல் தேநீர்க்கடை கிடையாது என்பதெல்லாம் வேறு எந்தத் தளத்திலும் இல்லாத செய்தி.

கைத்தொலைபேசியில் திறக்காமல் இருப்பது. கூகுள் இப்போது பக்கங்களைக் கைத்தொலைபேசியின் கண்ணாலேயே படிக்கிறது. 2024 ஜூலை 5-க்குப் பிறகு, கைத்தொலைபேசியில் அறவே திறக்காத தளங்களை அது பேரேட்டில் சேர்ப்பதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கட்டிய தளம் என்றால் இதை இன்றே பாருங்கள்.

தமிழாகத் தெரிந்தும் தமிழாக இல்லாத எழுத்து

இலங்கையில் தமிழில் தட்டச்சு செய்த தலைமுறைகள் பாமினியில் பழகியவை. பாமினி எழுத்துருவில் நாம் "ம" என்று பார்ப்பது கணினியின் கணக்கில் ஆங்கிலச் சிறிய எழுத்து "கே". "அ" அங்கே "எம்", "க" அங்கே "எஃப்". பழைய சஞ்சிகை ஒன்றைப் பாமினியில் இணையத்தில் போட்டிருந்தால், கண்ணுக்கு அது நல்ல தமிழ். தேடுபொறிக்கோ பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். "மலையகம்" என்று தேடுகிறவருக்கு அது ஒருநாளும் வராது. பேரேட்டில் பேர் இருக்கிறது, ஆனால் அது வேறு யாருடைய பேரோ.

பாமினியில் அச்சுக்கோத்து அப்படியே ஏற்றிய பிடிஎஃப் கோப்புகளுக்கும் இதே கதிதான். மருந்து எளிது. பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். துண்டறிக்கையைப் படமாக மட்டும் போடாமல், அதன் செய்தியைக் கீழே எழுத்தாகவும் போடுங்கள். ஊர்ப்பேரைப் பலர் பலவிதமாக எழுதுகிறோம்: ஹட்டன், அட்டன், ஹற்றன். பக்கத்தில் இரண்டு வடிவமாவது இயல்பாக வரும்படி எழுதினால், எப்படித் தேடினாலும் கிடைக்கும்.

நான்கு வீடுகள்: எது எதற்கு?

முகநூல் பக்கம். காசு வேண்டாம், கையில் இருக்கும் தொலைபேசி போதும், ஊர்ச்சனம் அங்கேதான் இருக்கிறது. இன்றைய செய்தியை இன்றே சொல்ல இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் பழைய பதிவுகள் அடியில் போய்விடும். தனிப்பட்ட குழுக்களில் எழுதியதைத் தேடுபொறி படிக்கவே முடியாது. 2023-இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனது. அதன் படங்களும் பேச்சுகளும் முகநூலில் நிறையப் பகிரப்பட்டன. இன்னும் பத்து ஆண்டு கழித்து ஒரு மாணவி அதைப் பற்றி எழுதத் தேடினால், அவற்றில் எத்தனை அவள் கண்ணில் படும்?

பிளாக்ஸ்பாட். இதுவும் இலவசம். கூகுளின் வழங்கி என்பதால் படுத்துவிடும் பயம் இல்லை, எழுத்துகளைத் தேடுபொறி நன்றாகப் படிக்கும். எழுத்தாளர்களுக்கும் சங்கங்களுக்கும் நல்ல தொடக்கம். குறை என்னவென்றால், முகவரி உங்களுடையது அல்ல. யாகூ 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸை மூடியபோது, உலகமெங்கும் மக்கள் இலவசமாகக் கட்டிய தளங்கள் முகவரியோடு போயின. இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் கணக்குகளை நீக்கும் உரிமையையும் கூகுள் வைத்திருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. பதிவுகளின் பிரதியை ஆண்டுக்கு ஒருமுறை இறக்கி வையுங்கள்.

சொந்த முகவரியில் சொந்தத் தளம். ஆண்டுக் கட்டணம் உண்டு, பராமரிப்பும் உண்டு. ஆனால் வழங்கியை மாற்றினாலும், வடிவமைப்பாளரை மாற்றினாலும், முகவரி உங்களோடு வரும். நம் நாட்டுக்கு டொட் எல்கே இருக்கிறது; 2010-இலிருந்து தமிழில் டொட் இலங்கை என்ற முகவரியும் உண்டு. தமிழ் வாசகருக்கு இரண்டாவது அழகு. வெளிநாட்டுப் பயணியால் அதைத் தட்டச்சு செய்ய முடியாது என்பதால் விடுதிக்காரர் முதலாவதை எடுப்பதே சரி. 2022-ஐ மறக்க வேண்டாம். மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360-ஐத் தாண்டியது. வெளிநாட்டு வழங்கிக்கு டொலரில் கட்ட வேண்டியவர்களுக்கு அதே கட்டணம் ரூபாவில் அவ்வளவு ஏறியது. ஆகவே இரண்டு மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவைப்பது நல்லது. டொட் கொம் முகவரி காலாவதியாகி நீக்கப்பட்டால்கூட, கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் உண்டு. அதற்குப் பிறகு அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

ஆவணகம். 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமமாக்கி இலவசமாகத் தருகிறது. மலையக வெளியீடுகளும் அங்கே இருக்கின்றன. தலைப்பும் ஆசிரியர் பேரும் எழுத்தாக இருப்பதால் தேடினால் கிடைக்கும். 1996-இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் எந்தப் பக்கத்தையும் நீங்களே சேமித்து வைக்கலாம். ஆனால் பழைய முகவரி தெரிந்தால்தான் அங்கே போய் எடுக்க முடியும். கூகுள் தன் சொந்தச் சேமிப்புப் பிரதிகளைக் காட்டுவதை 2024-இல் நிறுத்திவிட்டதால் இதன் தேவை கூடியிருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் இன்டர்நெட் ஆர்கைவே தாக்கப்பட்டு நாட்கணக்கில் முடங்கியது. ஒரு பிரதி போதாது என்பதற்கு அதுவே சான்று.

யாருக்கு எது?

அறை விடுகிறவருக்கும் கடை வைத்திருப்பவருக்கும் சொந்த முகவரி. ஐந்தாறு பக்கம் போதும். ஆண்டுதோறும் மாறாத முகவரிகள், உங்கள் சொந்த வார்த்தைகள். முகநூலை அறிவித்தல் பலகையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாடசாலைச் சங்கத்துக்கும் இலக்கிய வட்டத்துக்கும் பிளாக்ஸ்பாட், அதன் மேல் ஒரு சொந்த முகவரி. பிளாக்கரில் சொந்த முகவரியை இணைக்கத் தனிக் கட்டணம் இல்லை, முகவரிக்கு மட்டும் கட்டினால் போதும். நாளை வேறு இடத்துக்குப் போனாலும் முகவரி மாறாது.

மலர், துண்டறிக்கை, கையெழுத்துச் சஞ்சிகை, தொழிற்சங்கப் பழைய படம் வைத்திருப்பவர்கள் முதலில் நூலகம் திட்டத்துக்குக் கொடுங்கள். பிறகு உங்கள் தளத்திலும் போடுங்கள்.

எல்லாருக்கும் பொதுவான ஒன்று: முகவரி யார் பேரில் பதிவாகிறது என்று பாருங்கள். தளம் கட்டித் தருகிறவர் தன் மின்னஞ்சலில் பதிந்துவிடுவது வழக்கம். அவரோடு தொடர்பு அறுந்தால் முகவரியும் போய்விடும். உங்கள் மின்னஞ்சல், உங்கள் கடவுச்சொல், உங்கள் பேரில் பற்றுச்சீட்டு என்று கேட்டு வாங்குங்கள்.

கோளாறைத் திருத்திய பிறகு சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்தைக் கொடுத்து, மறுபடி பார்க்கும்படி கேளுங்கள். சில நாளிலும் நடக்கும், சில வாரமும் ஆகும். பலமுறை கேட்பதால் சீக்கிரம் நடக்காது.

லயத்து வீடுகளுக்கென்று தனி முகவரி இல்லாமல், நம் தாத்தா பாட்டிகளின் கடிதங்கள் தோட்ட ஆபீஸ் வழியாகவே வந்தன. ஆபீஸ் கொடுத்தால் கடிதம், கொடுக்காவிட்டால் இல்லை. சொந்த முகவரிக்காக நம் மக்கள் இன்னமும் குரல் கொடுக்கிறார்கள். இணையத்தில் அந்த முகவரியை ஒரு நாளில் எடுத்துவிடலாம். இந்த வாரமே உங்கள் பேரில் எடுங்கள்; எடுத்ததைப் புதுப்பிக்கும் திகதியை வீட்டு நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.