மெழுகுக் கவசம் பூண்ட பூச்சி

ராயப்பேட்டைச் சந்துகளில் பல வீடுகளின் வாசலில் செம்பருத்தி, அரளி, இட்லிப்பூச் செடிகள் ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும். அவற்றின் தண்டிலும் இலையடியிலும் பழுப்பு நிறப் புடைப்புகளைப் பார்த்திருக்கிறீர்களா? நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வரும். அவை செடியின் பகுதியல்ல. உயிருள்ள செதில் பூச்சிகள்.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு ஊர்ந்து சென்று, தகுந்த இடத்தில் ஊசி போன்ற வாயைச் செருகிச் சாற்றை உறிஞ்சத் தொடங்கும். பிறகு மெழுகுக் கவசம் அதை மூடிக்கொள்ளும். சில இனங்கள் மிஞ்சிய சர்க்கரைச் சாற்றைத் துளித்துளியாக வெளியேற்றும். அதன்மேல் கரும்பூசணம் படர்வதால் இலைக்குக் கிடைக்கும் ஒளி குறையும். இனிப்பைத் தேடி வரும் எறும்புகளோ இப்பூச்சிகளுக்குக் காவல் காக்கும்.

வெறும் நீர் தெளித்தால் போதாதா? இங்கே பௌதிகம் குறுக்கிடுகிறது. மெழுகுவத்தியின் மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள், உருண்டு நிற்கும். நீரின் பரப்பு இழுவிசை சென்டிமீட்டருக்குச் சுமார் 72 டைன். சோப்பு கரைத்தால் அது பாதிக்கும் கீழே இறங்கும். சொட்டு தட்டையாகப் பரவும். ஒரு லிட்டர் நீரில் 10 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயுடன் சிறிது சோப்பும் சேர்த்துத் தெளிப்பது இதனால்தான். எண்ணெய்ப் படலம் பூச்சியின் சுவாசத் துளைகளை அடைக்கும். ஆனால் கவசம் தடித்தபின் பலன் குறைவு. குஞ்சுகள் ஊரும் பருவத்தில், மாலை வேளையில் தெளிக்க வேண்டும். முதலில் இரண்டு இலைகளில் சோதியுங்கள். மிகுதியாகத் தாக்கப்பட்ட கிளைகளை வெட்டி அகற்றுங்கள்.

கடும் நஞ்சைத் தெளித்தால் என்ன? ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். 2008-இல், செதில் பூச்சியின் உறவான பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூரில் காணப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி எதையும் அது விடவில்லை. மருந்துகள் போதிய பலன் தரவில்லை. அதன் தாயகம் மெக்சிகோப் பகுதி; அங்குள்ள எதிரிகள் இங்கில்லை. 2010-இல் பியூர்டோ ரிக்கோவிலிருந்து மூவகைச் சிறு குளவிகள் பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி வழங்கியது. குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். அதன் குஞ்சு உள்ளிருந்தே தின்று வளரும். பெருந்தாக்குதல் அடங்கியது.

நஞ்சு தெளித்தால் கவசமில்லாத குளவியும் பொறிவண்டும் முதலில் மடியும். கவசத்துள் இருக்கும் பகைவன் பிழைத்துப் பெருகுவான். ஆகவே, நாளைக் காலை இலையைத் திருப்பி, உருப்பெருக்கும் கண்ணாடியால் பாருங்கள். செதில்களில் வட்டமான சிறு துளைகள் தெரிகின்றனவா? அவை குளவிகள் வெளியேறிய வாயில்கள். அப்படியானால், தெளிப்பானைக் கீழே வைத்துவிடுங்கள். வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.