அந்தத் திண்ணையிலிருந்து கேமராவைத் தள்ளி வை



தம்பி, நேற்றிரவு உன் குறும்படம் பார்த்தேன். முதல் காட்சி தூங்கவிடவில்லை.

தெருவுக்குள் சின்ன யானை வண்டி வருகிறது, பின்னால் பிணம் வைக்கும் ஃப்ரீசர் பெட்டி. வீடு மாறி, திண்ணையில் பேப்பர் படிக்கும் பெரியவர் முன்னால் இறக்குகிறார்கள். அவர் ஒன்றும் கேட்காமல் நகர்ந்து உட்கார்ந்து பெட்டிக்கு இடம் விடுகிறாரே, அதற்காகவே உன்னைத் தலையில் வைத்துக் கொண்டாடலாம். சமீபத்தில் எந்தப் பெரிய படத்திலும் இப்படி ஒன்றைப் பார்க்கவில்லை.

அதைப் போய் இப்படிக் கெடுப்பாயா? வண்டி திரும்பும்போதே 'டொய்ங்' என்று ஒரு சத்தம். இன்னும் யாரும் எதுவும் செய்யவில்லை, அதற்குள் இது சிரிப்புப் படம் என்று தமுக்கடிக்கிறாய். யார் வீட்டில் சாவு என்று நாங்கள் பதற வேண்டாமா? அந்தப் பதற்றம் இருந்தால்தான் பெரியவர் நகரும்போது சிரிப்பு வெடிக்கும்.

பில்லி வைல்டரின் 'சம் லைக் இட் ஹாட்' (1959) தொடக்கத்தை மறுபடி போட்டுப் பார். இரவில் சவ வண்டி, பெட்டியைச் சுற்றி இறுகிய முகங்கள். போலீஸ் துரத்துகிறது, சுடுகிறார்கள். அசல் கேங்ஸ்டர் படத்தின் இருட்டு. குண்டு துளைத்த சவப்பெட்டியிலிருந்து ஒழுகுவது மது. அப்புறம்தான் 'சிகாகோ, 1929' என்று எழுத்து வருகிறது. மதுவிலக்குக் காலம் என்பதைப் பெட்டியே சொல்லிவிட்டது. பின்னால் உயிருக்குப் பயந்து பெண்வேடத்தில் ஓடும் இரண்டு வாத்தியக்காரர்களின் பயத்தை நாம் நம்புவது அந்த இருட்டால்தான்.

சத்தமே கூடாது என்று சொல்லவில்லை. 'சிட்டி லைட்ஸ்' (1931) சிலைத் திறப்பு விழாவில் பேச வருபவர்கள் வாயைத் திறந்தால் பீப்பிச் சத்தம்தான் வருகிறது. பேசும்படம் வந்து எல்லோரும் அதன் பின்னால் ஓடிய நேரத்தில் சாப்ளின் செய்தது. அந்தச் சத்தம் பேச்சாளர்களைக் கேலி செய்கிறது. உன்னுடையது பார்ப்பவனைச் சிரி, சிரி என்று நச்சரிக்கிறது.

அதைவிட எரிச்சல் க்ளோசப். பெட்டிக்கு ஒரு ஷாட், பெரியவர் கண்ணுக்கு ஒன்று, மறுபடி பெட்டி. உயிரோடிருப்பவரும் அந்தப் பெட்டியும் ஒரே ஃப்ரேமில் இருப்பதுதானே உன் நகைச்சுவை? அதே சிலைத் திறப்பு விழாவில் சாப்ளினின் கால்சட்டை சிலையின் வாளில் மாட்டிக்கொள்கிறது. தேசிய கீதம் ஒலிக்க, தொங்கிக்கொண்டே விறைப்பாக நிற்கப் பார்க்கிறார். முகத்தை மட்டும் காட்டியிருந்தால் வாள் எங்கே, கால் எங்கே?

ஃபிலிமை வெட்டி ஒட்டிய காலத்தில் கோடம்பாக்கத்தில் உதவியாளனாக இருந்தேன். என் குரு நகைச்சுவை ரீல்களை முதலில் ஒலி இல்லாமல்தான் மூவியோலாவில் ஓட்டுவார். டீ கொண்டுவரும் பையனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார். தான் படத்தைப் பார்க்க மாட்டார், பையனின் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். அது எங்கே தங்குகிறதோ அங்கே கத்தரி வைக்க விடமாட்டார். க்ளோசப் கேட்டு வந்த இயக்குநர்களிடம் சண்டையே போட்டிருக்கிறார்.

பெரியவர், பெட்டி, தெரு மூன்றும் தெரியும் வைட் ஷாட் எடுத்திருக்கிறாய்தானே? அந்த நகர்தல் முழுக்க அதிலேயே ஓடட்டும். எடுக்கவில்லையென்றால் மறுபடி அந்தத் தெருவுக்குப் போ. பெரியவராக நடித்தவரிடம் நான் கேட்டதாகச் சொல்லி ஒரு காலை நேரம் வாங்கிக்கொள்.