உடற்கல்வி என்னும் விருப்பப் பாடம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்ததும் உங்கள் முன் ஒரு படிவம் வைக்கப்படும். மொழிப்பாடத்தையும் பிரிவுக்குரிய முதன்மைப் பாடங்களையும் நிரப்பிய பின்னர் ஒரு கட்டம் எஞ்சி நிற்கும். அதில் எழுதத்தக்க பாடங்களுள் ஒன்று உடற்கல்வி. “எளிதில் மதிப்பெண் கிடைக்கும், எடுத்துக்கொள்” என்பர் நண்பர். “விளையாடுவதற்கா பள்ளிக்கு அனுப்புகிறோம்?” என்பர் வீட்டில். இருசாராருள் எவரும் அப்பாடநூலைத் திறந்து பார்த்திருப்பதில்லை.

முதலில் சொல்லைக் காண்போம். உடல் + கல்வி என்பது உடற்கல்வி எனப் புணர்ந்தது. வேற்றுமைப் புணர்ச்சியில் நிலைமொழி ஈற்று லகரம், வல்லினம் வருமிடத்து றகரமாகத் திரியும். ஆகவே ‘உடல்கல்வி’ என எழுதுதல் பிழையாம். உங்கள் தாத்தா காலத்தார் இதனைத் ‘தேகப்பயிற்சி’ என்றனர்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் உடற்கல்வி அனைவர்க்கும் உண்டு. ஆயினும் அதற்குப் பொதுத்தேர்வு இல்லை. பதினொன்றாம் வகுப்பு முதல் அதுவே விருப்பப் பாடமாகி, எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30 என நூறு மதிப்பெண் பெறுகிறது. வேதியியலுக்கும் இதே பங்கீடுதான் என்பதை நினைவிற்கொள்க.

எழுத்துத் தேர்வில் என்ன கேட்பர்? பந்தயம் ஒன்றை நடத்தும் முறையிலிருந்தே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் தொடங்குகிறது. பதினொரு கபடி அணிகள் வந்துள்ளன எனக் கொள்வோம். தோற்றவர் வெளியேறும் முறையில் எத்தனை ஆட்டங்கள் நடைபெறும்? தாள் எடுத்துப் படம் வரைய வேண்டுவதில்லை. ஓர் ஆட்டம் ஓர் அணியை வெளியேற்றுகிறது. வெற்றியாளர் ஒருவரே எஞ்ச வேண்டுமாயின் பத்து அணிகள் வெளியேற வேண்டும். எனவே பத்து ஆட்டங்கள். பதினொன்றுக்கு அடுத்து வரும் இரண்டின் அடுக்கு 16. பதினாறிலிருந்து பதினொன்றைக் கழிக்க ஐந்து. அந்த ஐந்து அணிகள் முதற்சுற்றில் ஆடாமலே இரண்டாம் சுற்றுக்குச் செல்லும். இதனைப் ‘பை’ என்பர். ஒவ்வோர் அணியும் மற்றெல்லா அணிகளுடனும் ஒருமுறை மோதும் சுழல்முறையாயின், 11ஐப் பத்தால் பெருக்கி இரண்டால் வகுக்க, 55 ஆட்டங்கள் ஆகும். திடலும் நாளும் குறைவாயின் எம்முறையைத் தேர்வீர்கள்? விளையாட்டு விழா நடத்துவோர் ஆண்டுதோறும் விடை காணும் வினா இது.

ஊட்டச்சத்து, யோகம், காயங்களும் அவற்றின் மருத்துவமும், உளவியல், தனித்தேவையுடைய சிறார்க்கான விளையாட்டு ஆகியனவும் பாடத்தில் உள. உயிரியக்கவியல் என்னும் அலகில் நியூட்டன் விதிகளும் நெம்புகோலும் வருகின்றன. கபடி ஆடுவோன் முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிற்பது ஏன்? ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் நிலைப்பு மிகும். சடுகுடு ஆடிய நம் ஊர்ச் சிறுவர் இதனைக் காலால் அறிந்திருந்தனர். நீங்கள் தாளில் விளக்கியாக வேண்டும்.

செய்முறையில் உடல்தகுதிச் சோதனை உண்டு. 50 மீட்டர் விரைவோட்டமும் 600 மீட்டர் ஓட்டமும் அதனுள் அடங்கும். ஒரு விளையாட்டில் திறன் காட்டுதலும் ஆசனங்களும் பதிவேடும் வாய்மொழித் தேர்வும் பிற. மார்ச்சு மாதத்தில் மனப்பாடம் செய்து 600 மீட்டர் ஓட இயலாது!

இப்பாடம் எங்கே கொண்டுசெல்லும்? பள்ளிக்குப்பின் உடற்கல்வியில் பட்டம் பெறலாம். குவாலியரில் 1957இல் தொடங்கப்பெற்ற இலக்குமிபாய் தேசிய உடற்கல்வி நிறுவனம் உள்ளது. சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி 1920இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கரால் தொடங்கப்பெற்றது. பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்விலும் இப்பாடம் இடம்பெறுகிறது. ஆனால் பொறியியலுக்குக் கணிதமும் மருத்துவத்திற்கு உயிரியலும் இன்றியமையாதவை. அவற்றை விலக்கிவிட்டு அந்த இடத்தில் உடற்கல்வியை எழுதுதல் கூடாது.

உங்களைப் போன்றோர் கருத வேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. தந்தைக்கோ தாய்க்கோ பணியிட மாற்றம் வரலாம். எல்லாப் பள்ளிகளிலும் இப்பாடம் கற்பிக்கப்படுவதில்லை. பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரண்டும் சேர்ந்தே ஒரு படிப்பு. இடையில் நினைத்தவாறு பாடத்தை மாற்ற வாரியம் இடங்கொடாது. மாற்றம் வரக்கூடிய ஆண்டு எனத் தெரிந்தால், படிவத்தில் எழுதுமுன் பெற்றோரோடு அமர்ந்து பேசுக. செல்லவிருக்கும் ஊர்ப் பள்ளியில் எவ்விருப்பப் பாடங்கள் உள்ளன எனக் கேட்டறிக.

அருஞ்சொற்பொருள்

எஞ்சி – மீந்து
இருசாரார் – இரு தரப்பினர்
திரிதல் – மாறுதல்
திடல் – விளையாடும் வெளி
இன்றியமையாத – இல்லாமல் முடியாத

பயிற்சி

1. பிரித்தெழுதுக: உடற்பயிற்சி, கடற்கரை, பாற்குடம்.
2. பள்ளியில் ஆறு கோ-கோ அணிகள் உள்ளன. தோற்றவர் வெளியேறும் முறையிலும் சுழல்முறையிலும் எத்தனை ஆட்டங்கள் நிகழும்? விடையை எண்ணாலன்றி வாக்கியமாக எழுதுக.
3. ‘விளையாடுவதற்கா பள்ளிக்கு அனுப்புகிறோம்?’ என வினவும் அப்பாவுக்கு அல்லது அம்மாவுக்கு, நீவிர் விரும்பும் பாடம் எது, ஏன் எனப் பத்து வரிகளில் கடிதம் எழுதுக. அது உடற்கல்வியாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை.