பாறைச்சிப்பியும் அதன் பெயரும்

உயிர்களை வகைப்படுத்தும் முயற்சி தமிழில் பழமையானது. தொல்காப்பிய மரபியல், அறியும் புலன்களின் அடிப்படையில் உயிர்களை ஆறாகப் பகுத்தது. அதில் ஈரறிவு உயிர்களாக வைக்கப்பட்டவை நந்து, முரள் ஆகியன. முரள் என்பதனுள் இப்பி, கிளிஞ்சில் முதலியவற்றை உரைமரபு அடக்கியது. இன்றைய விலங்கியல் இவற்றை மெல்லுடலிகள் என்னும் தொகுதியில், ஈரோடுடையவற்றின் வகுப்பில் சேர்க்கிறது. அவ்வகுப்பிற்குள் எது எந்தச் சிற்றினம் என்று துணிவதுதான் கடினம். குமரி மாவட்டக் கடற்கரையின் பழுப்புச்சிப்பி அதற்குத் தக்க சான்று.

மணலுள் புதைந்து வாழும் மட்டியைப் போலன்றி, இச்சிப்பி குளச்சல், முட்டம், கடியப்பட்டணம் போன்ற ஊர்களை ஒட்டிய பாறைகளில் வலிய நூலிழைகளால் தன்னைப் பிணைத்துக்கொண்டு கூட்டமாக வாழும். கடல்நீரைச் செவுள்களால் வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்ணும். மீனவர் மூச்சடக்கி மூழ்கி, உளி போன்ற கருவியால் இதனைப் பெயர்த்தெடுப்பர்.

இந்தியக் கரைகளில் பரவலாகக் காணப்படும் பச்சைச்சிப்பிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நிறத்தோடு நிற்கவில்லை. பச்சைச்சிப்பியின் கீழ்விளிம்பு உட்குழிந்து, கூர்முனை கீழ்நோக்கி வளைந்திருக்கும். பழுப்புச்சிப்பியில் அவ்விரண்டும் ஏறத்தாழ நேரானவை. ஓடுகள் இணையும் இடத்தில், முன்னதன் இடப்பக்க ஓட்டில் இரு சிறு பற்கள் உண்டு; பின்னதில் ஒரே பெரிய பல். 1976-இல் குரியாக்கோஸ், நாயர் ஆகியோர் இதனைப் புதிய சிற்றினமாக அறிவித்து, 'பெர்னா இண்டிகா' எனப் பெயரிட்டனர்.

பச்சைச்சிப்பியினின்று இது வேறு என்பதில் ஐயமில்லை. ஆப்பிரிக்கா, ஓமன், தென்னமெரிக்கா ஆகியவற்றின் கரைகளில் வாழும் 'பெர்னா பெர்னா'வினின்றும் வேறா என்பதே வினா. இரண்டும் ஒன்றே என்றார் சிடால் என்னும் ஆய்வாளர், 1980-இல். சிப்பியின் வடிவமோ வாழிடத்திற்கேற்ப மாறக்கூடியது. ஓட்டை மட்டும் கொண்டு வழக்கைத் தீர்ப்பது அரிது. 2016-இல் வெளிவந்த ஆய்வு, மரபணுச் சான்றையும் பிற சான்றுகளையும் ஒருங்கே நோக்கியது. 'இண்டிகா' தனிச் சிற்றினம் அன்று. ஓமன் பகுதியிலிருந்து நூறாண்டுகளுக்கு முன்பே தென்னிந்தியா வந்துசேர்ந்த 'பெர்னா பெர்னா'வே என்று அது முடிவுரைத்தது.

ஓருயிருக்கு இரு பெயர்கள் இருப்பின் முந்தையதே நிற்கும் என்பது விலங்கியற் பெயரீட்டின் பொதுவிதி. 'பெர்னா' என்னும் சிற்றினப் பெயர் 1758-இல் லின்னேயஸ் இட்டது. ஆதலால் 'இண்டிகா' விலகுகிறது. இது வெறும் பெயர்மாற்றம் அன்று. இத்தென்முனைக்கே உரிய சிற்றினமாயின், இதன் அழிவு உலகிற்கே இழப்பு. வேற்றுக்கடலிலிருந்து வந்ததாயின், பாறைகளில் முன்பிருந்த உயிர்களின் இடத்தை இது கவர்ந்ததா என்று ஆராய வேண்டியிருக்கிறது. மூழ்கி எடுத்துப் பிழைக்கும் மீனவக் குடும்பங்களின் வாழ்வையும் அவ்வாராய்ச்சி உடன்நோக்க வேண்டும்.