கஷ்டமான கேம்தான் நிஜமான கேமா?

கார் ரேஸ் கேம் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எது ரொம்ப ரியலா இருக்கும்?" என்பதுதான். வழக்கமாகக் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: எதை ஓட்டவே முடியவில்லையோ அதுதான் ரியல். இதை நம்பி வாங்குகிறவர்கள் பலர் இரண்டே வாரத்தில் கேமை மூடி வைத்துவிடுகிறார்கள். வளைவுக்கு வளைவு கார் சுழன்று பின்பக்கம் திரும்பி நின்றால் "என்ன பிசிக்ஸ்டா!" என்று வியக்கிறோம். நல்ல ரேஸ் கார் அப்படி நடந்துகொள்ளாது. ஓட்டுநர் சொன்ன பேச்சைக் கேட்பதற்காகத்தான் பொறியாளர்கள் அதை அத்தனை பாடுபட்டுச் செய்திருக்கிறார்கள்.

நிஜக் காரில் பின் டயர் வழுக்கத் தொடங்கினால் முதலில் தெரிந்துகொள்வது இடுப்புதான். கண் அதற்குப் பிறகுதான் பார்க்கும். பிரேக் போட்டால் பெல்ட் நெஞ்சை அழுத்தும், உடம்பின் சமநிலை மாறுவது காது வழியே தெரியும். கேமில் இதெல்லாம் கிடையாது. திரை, சத்தம், வீல் இருந்தால் கையில் ஓர் இழுப்பு, அவ்வளவுதான். எனவே காரின் கணக்கை அப்படியே துல்லியமாகப் போட்டாலும், உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு அது நிஜத்தைவிடக் கஷ்டமாகவே இருக்கும். இந்த இழப்பை ஒவ்வொரு கேமும் எப்படி ஈடுகட்டுகிறது என்று பார்த்தால் எது நமக்குச் சரிவரும் என்பது விளங்கிவிடும்.

சோதித்துப் பார்க்க ஓர் இடம் சொல்கிறேன். இத்தாலியின் மோன்சா டிராக்கில் நீண்ட நேர்பாதை முடிந்ததும் வரும் முதல் சிகேன். முதலில் வலது, உடனே இடது என்று அடுத்தடுத்து இரண்டு வளைவுகள். முழு வேகத்தில் வந்து இரண்டாவது கியர் அளவுக்கு இறங்க வேண்டும். முக்கியமான டிராக் ரேஸ் கேம்கள் பலவற்றில் மோன்சா இருப்பதால் ஒப்பிடுவது எளிது.

கிரான் டூரிஸ்மோ 7இல் கன்ட்ரோலரோடு இந்த இடத்துக்கு வாருங்கள். பிரேக் பட்டனை முழுக்க அழுத்தி, அழுத்தியபடியே ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினாலும் கார் பெரும்பாலும் வளைந்துவிடும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உதவுகிறது. கட்டைவிரல் ஸ்டிக்கை ஒரு நொடிக்குள் கடைசிவரை தள்ளினாலும், அந்த வேகத்தில் டயர் தாங்கும் அளவுக்கு மேல் கேம் சக்கரத்தைத் திருப்ப விடாது. இதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். நிஜ ஸ்டீயரிங்கை யாரும் அத்தனை வேகத்தில் சுழற்ற முடியாது. கட்டைவிரலை மனிதக் கையாக மொழிபெயர்த்துக் கொடுக்கிறது கேம்.

அதே இடத்துக்கு அசெட்டோ கோர்சா காம்பெட்டிட்சியோனேயில், ஜிடி3 என்ற பந்தயப் பிரிவின் காரில், வீலும் பெடலும் வைத்துக்கொண்டு வாருங்கள். வேகம் அதிகமாக இருக்கும்போது காற்று காரைத் தரையில் அழுத்துவதால் தொடக்கத்தில் பிரேக்கை பலமாக மிதிக்கலாம். வேகம் குறையக் குறைய அந்த அழுத்தமும் குறையும். காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே வர வேண்டும், எடுத்தபடியே வளைவுக்குள் நுழைய வேண்டும். சட்டென்று காலை எடுத்தால் முன்பக்கத்தின் எடை பின்னால் போய், ஸ்டீயரிங் திரும்பியும் மூக்கு நேரே ஓடும். கடைசிவரை அழுத்திப் பிடித்தாலும் ஏபிஎஸ் உறுமும், கார் நேரேதான் போகும். நடுவே இருக்கும் அந்த மெல்லிய கோட்டைப் பாதம் கண்டுபிடிக்கச் சில மாலைகள் ஆகும். கண்டுபிடித்துவிட்டால், இது அத்தனை கஷ்டமான கேமே இல்லை. ஜிடி3 காரில் ஏபிஎஸ்ஸும், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் நிஜத்திலேயே உண்டு. பணம் கட்டி ஓட்டும் அமெச்சூர்களும் தொழில்முறை ஓட்டுநர்களோடு ஓட்டுவதற்கென்று அமைந்த பிரிவு அது.

எனவே உதவிகளை எல்லாம் அணைத்துவிட்டால்தான் வீரம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எந்தக் கார் என்று பாருங்கள். பார்முலா ஒன்னில் 2008 முதல் டிராக்‌ஷன் கன்ட்ரோல் தடை செய்யப்பட்டது, ஏபிஎஸ் அதற்கும் பல ஆண்டுகள் முன்பே போய்விட்டது. அங்கே உதவியை அணைப்பது நிஜம். ஜிடி3 காரில் அணைப்பது வெறும் பிடிவாதம். இன்றைய சாலைக் காரிலும் அப்படித்தான், உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரிலேயே ஏபிஎஸ் இருக்கும்.

கஷ்டத்துக்கே பெயர் போன ஒன்றையும் சொல்ல வேண்டும். 1998இல் வந்த கிராண்ட் பிரிக்ஸ் லெஜண்ட்ஸ். 1967ஆம் ஆண்டு பார்முலா ஒன் சீசனைக் கண்முன் நிறுத்தியது. இறக்கை இல்லாத கார்கள், குறுகிய டயர்கள், மிதித்தால் பாயும் இன்ஜின். அந்த மோன்சாவில் சிகேனே கிடையாது. முதல் நாள் ஒரு சுற்றை முட்டாமல் மோதாமல் முடித்தவர்கள் குறைவு. அந்தக் கேமை உருவாக்கிய டேவிட் கேமர்தான் பின்னாளில் ஐரேசிங் என்ற சிமுலேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவர். பழைய சிமுலேட்டர்கள் பலவற்றில் டயர் தன் பிடியின் உச்சத்தைத் தாண்டியதும் பனிக்கட்டியில் ஏறியதுபோல ஒரேயடியாக விட்டுவிடும். நிஜ டயர் அப்படி விடுவதில்லை. கீச்சிடும், கெஞ்சும், திருத்திக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் தரும். கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் சிமுலேட்டர்கள் நிஜத்தை நெருங்க நெருங்க, ஓட்டுவதும் சுலபமாகிக்கொண்டே வந்திருக்கிறது. ரியல் என்றால் கஷ்டம் என்று வாதிடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் தேவையில்லை.

இனி, எதை வாங்குவது? அதற்கு முன் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கீபோர்டு மட்டும்தான் என்றால் சிமுலேட்டர் பக்கமே போகாதீர்கள். அழுத்தினால் நூறு, விட்டால் பூஜ்யம் என்ற பட்டனை வைத்துக்கொண்டு பாதி பிரேக், கால்வாசி ஆக்சிலரேட்டர் எல்லாம் போட முடியாது. ஃபோர்ஸா ஹொரைசன் 5 வாங்குங்கள். மெக்சிகோவில் நடக்கிறது. வயலில் இறக்கி ஓட்டினாலும் கோபிக்காத கேம். சந்தோஷமாக இருக்கும், அதில் குறையொன்றும் இல்லை.

கன்ட்ரோலர் இருக்கிறதா? பிளேஸ்டேஷன்காரர்களுக்கு கிரான் டூரிஸ்மோ 7தான், யோசிக்கவே வேண்டாம். அதில் வரும் லைசென்ஸ் தேர்வுகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரே ஒரு வளைவைக் கொடுத்துத் தங்கம் வாங்கும்வரை திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லும் அந்தத் தேர்வுகளைப் போலப் பொறுமையாகப் பாடம் நடத்தும் கேம் வேறில்லை. இந்தத் தொடரை ஆடி வளர்ந்த ஜான் மார்டன்பரோ 2011இல் ஜிடி அகாடமி போட்டியில் வென்று நிஜப் பந்தய ஓட்டுநரானார். 2023இல் வந்த 'கிரான் டூரிஸ்மோ' படம் அவர் கதைதான். கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் பழைய அசெட்டோ கோர்சாவைக் கன்ட்ரோலரோடு ஓட்டலாம். ஆனால் செட்டிங்ஸில் ஸ்டீயரிங் வேகம், ஃபில்டர் போன்றவற்றை நீங்களே சரிசெய்தாக வேண்டும். வந்தபடியே ஓட்டிவிட்டுக் கேமைத் திட்டுவது நியாயமில்லை.

வீல் இருந்தால் உலகமே வேறு. லாஜிடெக் ஜி29 போன்ற தொடக்க நிலை வீலே 900 டிகிரி சுற்றும், டயர் பிடி தளர்வதைக் கைக்குச் சொல்லும். புதிதாக வாங்கினால் 20,000 ரூபாயைத் தாண்டிவிடும் என்பதால், பழைய வீல் ஏதாவது கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பிற்பாடு கையில் காசு சேர்ந்தால் பெரிய மோட்டார் வைத்த வீலை நோக்கி ஓடாதீர்கள். மிதிக்கும் தூரத்தை அளக்காமல் மிதிக்கும் பலத்தை அளக்கும் லோட் செல் பிரேக் பெடலை முதலில் வாங்குங்கள். காலுக்குத் தூரத்தைவிட அழுத்தம்தான் நினைவில் நிற்கும். சுற்று நேரம் குறைவதும் பிரேக்கில்தான்.

வீலோடு தொடங்க என் ஓட்டு அசெட்டோ கோர்சாவுக்கே. 2014இல் முழுமையாக வந்த இத்தாலியக் கேம், சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஓடும், தள்ளுபடியில் அற்ப விலைக்குக் கிடைக்கும். ரசிகர்கள் செய்து தந்த கார்களும் டிராக்குகளும் கணக்கில் அடங்கா. அவற்றில் குப்பையும் நிறைய. ரசிகர் செய்த அப்படியொரு கார் விநோதமாக நடந்துகொண்டால் குற்றம் கேமுடையது ஆகாது. காம்பெட்டிட்சியோனேயில் ஜிடி கார்கள் மட்டும்தான். ஆனால் அந்த ஒன்றை அத்தனை ஆழமாகச் செய்திருக்கிறார்கள், மழையில் தண்ணீர் தேங்குவதும் வறண்ட தடம் உருவாவதும் உட்பட.

ஐரேசிங் வேறு ரகம். மாதச் சந்தா, அதற்கு மேல் பெரும்பாலான கார்களுக்கும் டிராக்குகளுக்கும் தனித்தனியாகக் காசு. பர்ஸ் வலிக்கும். ஆனால் மனிதர்களோடு ஒழுங்காகப் பந்தயம் ஓட்ட அதை மிஞ்ச ஆளில்லை. தடத்தை விட்டு வெளியேறினால் 1 புள்ளி, சுழன்றால் 2, பலமாக மோதினால் 4 என்று உங்கள் கணக்கில் ஏறும். யார் மேல் தப்பு என்று அது பார்ப்பதே இல்லை. எரிச்சலாகத்தான் இருக்கும், அதற்குப் பயந்துதான் எல்லோரும் ஒழுங்காக ஓட்டுகிறார்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததே, அந்த போர்ஷே 992 கப் ரகக் கார் இதில் இருக்கிறது. ஆசையில் முதல் நாளே அதில் ஏறாதீர்கள். இன்ஜின் பின்னால், ஏபிஎஸ் கிடையாது, முன் டயர் சட்டென்று பூட்டிக்கொள்ளும். தொடக்கத்திலேயே கிடைக்கும் மாஸ்டா எம்எக்ஸ்-5இல் சில மாதங்கள் கழியட்டும். வேகம் குறைவான கார்தான் எடை எங்கே போகிறது என்பதை நிதானமாகக் காட்டும்.

ராலி பிரியர்களுக்கு டர்ட் ராலி 2.0 போதும். ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி 2004இல் வந்தது. ரசிகர்களே இன்றும் அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஆனால் நிறுவி ஓட வைப்பதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். மோதினால் தகடு எப்படி மடங்கும் என்று பார்க்கும் ஆசை இருந்தால் பீம்என்ஜி. பந்தயத்துக்கு அது சரிவராது.

ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பிளேஸ்டேஷனில் டவுன்லோடு தொடங்கிவிட்டால் அந்த வழி அடைந்துவிடும். எனவே ஸ்டீமில் வாங்கியதும் மெனுவைத் துழாவி நேரத்தைக் கரைக்காமல் மெதுவான கார் ஒன்றை எடுத்து மோன்சாவுக்குப் போங்கள். அரை மணி நேரம் கழித்தும் அந்த முதல் சிகேனில் கார் ஏன் நேரே போகிறது என்று உங்களுக்குப் புரியவில்லை என்றால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.