வல்லத்துக்காரர் போட்ட கணக்கு

மேலகரம்

அன்புள்ள பேத்திக்கு, ஆச்சி எழுதுவது.

கணிதப் பேராசிரியர் ஆகவேண்டும் என்ற உறுதி உனக்கு இருக்கிறது. சின்ன ஊர்க் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தால் ஆராய்ச்சி அத்தோடு நின்றுபோகும் என்ற பயமும் கூடவே இருக்கிறது. பயப்படாதே என்று வெறுமனே சொன்னால் நீ கேட்கமாட்டாய், கேட்கவும் வேண்டாம். கணக்குப் படித்தவள் சான்று கேட்பதுதான் முறை. அந்தச் சான்று நமக்குப் பக்கத்திலேயே, குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் இருக்கிறது. எண் கோட்பாட்டில் உலகம் அறிந்த பேராசிரியர் சு. சிவசங்கரநாராயண பிள்ளை 1901 ஏப்ரல் 5 அன்று அங்கேதான் பிறந்தார். ஒரு வயதில் தாயை இழந்தவர். பள்ளிப் படிப்பு முடியும் முன்பே தகப்பனாரையும் இழந்தவர். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரிப் படிப்பை முடித்து, 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகி, 1929-இல் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அந்தப் பல்கலைக்கழகமே அந்த ஆண்டுதான் தொடங்கியது. கணித ஆராய்ச்சிக்கென்று இன்று நாம் சொல்லும் நிறுவனங்கள் அப்போது இல்லை: பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிறுவனம் வர 1945 ஆனது. சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் வர 1962 ஆனது. வகுப்பெடுக்கும் வேலையோடு அவர் சிதம்பரத்தில் இருந்த பன்னிரண்டு ஆண்டுகளில்தான் அவருடைய முக்கியமான முடிவுகள் பிறந்தன.

அவர் என்ன செய்தார் என்பதை நீ பென்சிலும் தாளும் எடுத்துப் பார்க்கவேண்டும். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதிவிடலாம் என்று லக்ராஞ்சு 1770-இல் நிறுவினார். அதே ஆண்டில் வாரிங், மற்ற அடுக்குகளுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு என்றார். எல்லை உண்டு என்பதை ஹில்பர்ட் 1909-இல் காட்டினார். அது எத்தனை என்பதுதான் மிஞ்சிய கேள்வி. ஆறாம் அடுக்கை எடுத்துக்கொள். 703 என்ற எண்ணைப் பார். மூன்றின் ஆறாம் அடுக்கு 729; அது 703-ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே கையில் இருப்பவை 64-உம் 1-உம் மட்டும். பத்து 64 போட்டால் 640, மீதி 63 ஒன்றுகள். ஆக மொத்தம் 73. எழுபத்து மூன்றுக்குக் குறைத்து முடியாது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். எந்த எண்ணுக்கும் 73-க்கு மேல் தேவையே இல்லை என்று நிறுவுவதுதான் மலை. அந்த மலையைச் சிவசங்கரநாராயண பிள்ளை 1940-இல் ஏறி முடித்தார். அதற்கு முன்பே, 1936-ஐ ஒட்டி, ஆறுக்கு மேற்பட்ட அடுக்குகளுக்கும் ஒரு நிபந்தனையோடு விடை கண்டிருந்தார். அமெரிக்காவில் டிக்சனும் ஏறக்குறைய அதே நேரத்தில், தனியாக, அதைக் கண்டார். ஒரே கேள்வியில் பல ஆண்டுகள் விடாமல் தங்கியிருந்ததால் கிடைத்த பலன் இது. அப்படித் தங்குவதற்கு வேண்டியது நிலையான சம்பளமும், விடுமுறையும், ஒரு நூலகமும், விட்டுவிடாத மனமும். ஊரின் பெயரால் எதுவும் ஆகவில்லை.

அவர் சிதம்பரத்திலேயே இருந்துவிடவில்லையே, 1941-இல் திருவிதாங்கூருக்கும் அடுத்த ஆண்டு கல்கத்தாவுக்கும் போனாரே, பிறகு பிரின்ஸ்டனுக்கும் அழைப்பு வந்ததே என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வரிசையைக் கவனி: வேலை முதலில் நடந்தது, அழைப்பு பிறகு வந்தது. ‘அந்தக் காலம் வேறு, இன்று நெட் தேர்வும் கட்டுரை எண்ணிக்கையும் கேட்கிறார்கள்’ என்பது இதைவிடக் கனமான மறுப்பு. கேட்கிறார்கள்தான், வாசலில் கேட்பதைக் கொடுத்துவிட்டு உள்ளே போ. ஆனால் எந்தக் கேள்வியோடு வாழ்வது என்பதைக் கட்டுரை எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதே. விரைவில் விடை கிடைக்கும் என்பதற்காக எடுத்த கேள்வி, விடை கிடைத்த மறுநாளே உன்னைக் கைவிட்டுவிடும். அவர் அசாதாரண மூளைக்காரர், நான் அப்படி இல்லை என்றும் நீ சொல்லலாம். மூளையின் அளவை நீயோ நானோ முன்கூட்டி அளக்க முடியாது. பத்து ஆண்டு உழைத்த பிறகுதான் தெரியும். அதற்கு முன்பே தீர்ப்பு எழுதுவது, கணக்கைப் போடாமலே விடையை அடித்துவிடுவதுபோல.

1950 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் அவர் இறந்தார். வயது 49. ஆனால் அவர் விட்டுப்போன கேள்வி இருக்கிறது. வர்க்கம், கனம் போன்ற அடுக்கு எண்கள் இரண்டின் வித்தியாசமாக ஒரு குறிப்பிட்ட எண் எத்தனை முறை வரும்? எண்ணி முடியும் அளவுக்குத்தான் வரும் என்றார் அவர். 1 என்ற எண்ணுக்கு மட்டும் விடை தெரியும்: 9-இல் 8 போனால் 1, வேறு வழியில்லை என்று மிஹைலெஸ்கு 2002-இல் நிறுவினார். இரண்டுக்கு 27-இல் 25 போகிறது. வேறு உண்டா என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

அந்தக் கல்லூரி வேலைக்கான சம்மதக் கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடு. அனுப்பிய பிறகு, ஏழாம் அடுக்குக்கு 2175-ஐ எடுத்து நீயே போட்டுப் பார், 143 வரவேண்டும்.

அன்புடன்,
ஆச்சி